கூடி விடை காணும் இன்பம்

கணக்கு என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வு மண்டபமே கண்முன் வந்து நிற்கிறது. பேச்சு மூச்சற்ற அறை, இடம்விட்டுப் போட்ட பெஞ்சுகள், சுவரில் ஓடும் கடிகாரம், பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பாராத கட்டுப்பாடு, இவையெல்லாம் சேர்ந்ததே கணக்கு என்று எண்ணிப் பழகிவிட்டோம். பாட்டைக் கூடிப் பாடுகிறோம். நாடகத்தைக் கூடி நடிக்கிறோம். எறிபந்தைக் கூடி ஆடுகிறோம். கணக்கை மட்டும் தனியே அமர்ந்து, அடுத்தவள் பார்த்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு போடுகிறோம். தேர்வு நாளில் அதுவே முறை. ஆனால் ஆண்டில் தேர்வு நாட்கள் சிலவே. மற்ற நாட்களிலும் அப்படியே இருந்துவிட்டால், கணிதம் தரும் இன்பங்களுள் மிகப் பெரிய ஒன்றை நாம் இழந்தவர்கள் ஆவோம்.

அந்த இன்பம் எது? ஒரு புதிரைச் சுற்றிப் பலர் அமர்ந்து அதை அவிழ்ப்பது. ஒருத்தி கேட்க, ஒருத்தி படம் வரைய, ஒருத்தி "அது எப்படி?" என்று மறுக்க, இன்னொருத்தி திடீரென்று கண்கள் விரிய எழுந்து நிற்பது. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். கணிதத்திலும் அப்படிக் கூடி இழுத்த தேர்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம். அதைத் தொடங்கி வைத்தது ஓர் இளம்பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

மாணவர் படம் போட்ட இதழ்

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் உள்ள சிறிய நாடு ஹங்கேரி. அங்கே டேனியல் அரானி என்னும் பள்ளி ஆசிரியர் 1894 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு கணித இதழைத் தொடங்கினார். மாதந்தோறும் அதில் புதிய கணக்குகள் வெளியாகும். மாணவர்கள் விடைகளை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். நல்ல விடைகள், அனுப்பியவரின் பெயரோடு அச்சில் வரும். ஆண்டு முடிவில், சிறப்பாக விடையளித்த மாணவர்களின் புகைப்படங்களையும் இதழ் வெளியிடும். இரண்டு உலகப் போர்களால் இருமுறை நின்றுபோன அவ்விதழ், இருமுறையும் உயிர்பெற்று எழுந்து, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

இதனால் விளைந்த நன்மை ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஒரு கோடியில் இருக்கும் சிறுவன் ஒருவன், மறுகோடியில் இருக்கும் சிறுமி ஒருத்தியின் விடையைப் படிக்கிறான். "நான் பத்து வரியில் முடித்ததை இவள் நான்கே வரியில் முடித்துவிட்டாளே!" என்று வியக்கிறான். நேரில் காணுமுன்பே ஒருவர் எண்ணத்தை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். பின்னர் கல்லூரியில் சந்திக்கும்போது அவர்கள் அந்நியர் அல்லர். நாம் இனிக் காணப்போகும் இளைஞர்களுள் பலர் இவ்விதழின் பக்கங்களில் வளர்ந்தவர்களே.

பூங்காவில் கூடியவர்கள்

1930ஐ அடுத்த ஆண்டுகளில், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் கணிதப் பித்துக் கொண்ட இளைஞர்கள் சிலர் அடிக்கடி ஒன்றுகூடுவது வழக்கம். கூடும் இடம் நகரப் பூங்கா. அங்கே பெயர் தெரியாத பழங்கால வரலாற்றாசிரியர் ஒருவருக்குச் சிலை உண்டு. அவர் யார் என்று எவருக்கும் தெரியாதாகையால், சிற்பி அவர் முகத்தை முக்காட்டு நிழலில் மறைத்தே வடித்திருக்கிறார். அச்சிலையின் அருகில் இருந்த பெஞ்சுகளே இவர்களின் வகுப்பறை. விடுமுறை நாட்களில் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்துகொண்டே கணக்குப் பேசுவதும் உண்டு.

அவர்களுள் மூத்தவருக்கே வயது இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. எஸ்தர் கிளைன் 1910 இல் பிறந்தவர்; பௌதிகம் படித்தவர். ஜார்ஜ் செகெரெஷ் 1911 இல் பிறந்தவர். படித்ததோ இரசாயனப் பொறியியல். பால் ஏர்டோஷ் 1913 இல் பிறந்தவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கணித மேதை ஆனவர். பால் டூரான், டிபோர் கல்லாய், மார்த்தா ஸ்வெத் ஆகியோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். கணிதமே படித்தவர்கள்தாம் சேரலாம் என்ற விதி அங்கு இல்லை. பௌதிகம் படித்தவளும் இரசாயனம் படித்தவனும் கேட்டால், கேள்வியின் தரம் ஒன்றே பார்க்கப்பட்டது.

இவர்களுள் பெரும்பாலோர் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஹங்கேரியில் 1920 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. படித்து முடித்தாலும் வேலை கிடைப்பது அரிது. ஜெர்மனியில் 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அத்தகைய நாட்களில்தான் இவர்கள் பூங்காவில் அமர்ந்து புள்ளிகளையும் கோடுகளையும் பற்றிப் பேசினார்கள். வெளியே கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. புதிரின் முன்னால் மட்டும் எல்லாரும் சமமாக இருந்தார்கள்.

எஸ்தரின் கேள்வி

எஸ்தர் சில காலம் ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகரில் பயின்றுவிட்டுத் திரும்பியிருந்தார். 1932ஆம் ஆண்டு முடிந்து 1933 பிறக்கும் குளிர்காலம் அது. தோழர்கள் முன்னிலையில் அவர் ஒரு புதிர் போட்டார்.

"தாளில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் எந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையக் கூடாது. அப்படி வைத்தால், அந்த ஐந்தில் ஏதேனும் நான்கு புள்ளிகள் ஒரு குவிவு நாற்கரமாக அமைந்தே தீரும். ஏன்?" என்பதே அப்புதிரின் சாரம்.

குவிவு நாற்கரம் என்றால், எந்த மூலையும் உள்நோக்கி ஒடுங்காமல், நான்கு மூலைகளும் வெளிநோக்கி நிற்கும் நாற்கரம். சதுரம், செவ்வகம், சரிவகம் இவையெல்லாம் குவிவு நாற்கரங்களே. அம்பின் முனைபோல ஒரு மூலை உள்ளே மடங்கியிருந்தால் அது குவிவு ஆகாது.

தோழியரே, மேலே படிப்பதற்கு முன் ஒரு பென்சிலை எடுத்து ஐந்து புள்ளிகளை வைத்துப் பாருங்கள். கோலத்திற்கு வைப்பதுபோல வரிசையாக வைக்கக் கூடாது; சிந்திய கடுகுபோலத் தாறுமாறாக வையுங்கள். நான்கு புள்ளிகள் போதுமா என்றும் பாருங்கள். ஒரு முக்கோணம் வரைந்து அதன் நடுவில் நான்காம் புள்ளியை வைத்தால் குவிவு நாற்கரம் கிடைக்காது. ஆகவே நான்கு போதாது. ஐந்தாவது வந்ததும் தப்ப வழியில்லாமல் போகிறது. இதில் உள்ள வியப்பு இதுதான்.

ஆணியும் ரப்பர் வளையமும்

இதை நிறுவ ஒரு பலகையும், ஐந்து ஆணிகளும், ஒரு ரப்பர் வளையமும் போதும். புள்ளிகளின் இடத்தில் ஆணிகளை அடித்து, வளையத்தை நன்றாக இழுத்து எல்லா ஆணிகளையும் சுற்றி விட்டுவிடுவோம். வளையம் சுருங்கி வெளிப்புற ஆணிகளைப் பற்றிக்கொண்டு நிற்கும். எத்தனை ஆணிகளைப் பற்றும்? ஐந்து, நான்கு, மூன்று என மூன்று வகைதான் இயலும்.

முதல் வகை: ஐந்தையும் பற்றினால் ஐங்கோணம் கிடைக்கிறது. ஏதேனும் ஓர் ஆணியை விட்டுவிட்டால் மற்ற நான்கும் குவிவு நாற்கரமே.

இரண்டாம் வகை: நான்கைப் பற்றி, ஒன்று உள்ளே நின்றால், வளையமே நமக்கு வேண்டிய நாற்கரம்.

மூன்றாம் வகை: மூன்றை மட்டும் பற்றி, இரண்டு உள்ளே நிற்பது. இங்கேதான் சிந்திக்க வேண்டும். வளையத்தைத் தொடும் ஆணிகள் அ, ஆ, இ என்றும், உள்ளே நிற்பவை ப, ம என்றும் கொள்வோம். ப, ம இரண்டின் வழியே ஒரு நேர்க்கோடு வரைந்து இருபுறமும் நீட்டுவோம். அக்கோடு முக்கோணத்தின் எந்த மூலை வழியாகவும் செல்லாது. சென்றால் மூன்று ஆணிகள் ஒரே கோட்டில் நிற்பதாகிவிடும். எனவே கோட்டின் ஒரு பக்கத்தில் ஒரு மூலையும், மறுபக்கத்தில் இரண்டு மூலைகளும் நிற்கும். அந்த இரண்டும் ஆ, இ என்போம். இப்போது ஆ, இ, ப, ம என்னும் நான்கையும் பாருங்கள். ஆ, இ என்னும் மூலைகளில் உள்ள கோணங்கள் முக்கோணத்தின் கோணங்களுக்குள் அடங்கியவை. ஆகவே 180 பாகைக்குக் குறைந்தவை. ப, ம என்னும் இடங்களில் உள்ள கோணங்களோ, அந்த நேர்க்கோட்டின் ஒரே பக்கத்தில் அமைந்தவை. ஆகவே அவையும் 180 பாகைக்குக் குறைந்தவை. நான்கு மூலைகளும் வெளிநோக்கியே நிற்கின்றன. குவிவு நாற்கரம் கிடைத்துவிட்டது!

இதில் எட்டாம் வகுப்பு மாணவிக்குப் புரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் இதன் விடை தோன்றும் அந்த நொடியில் உண்டாகும் மகிழ்ச்சி, பெரிய சூத்திரங்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் உண்டாவதில்லை.

கேள்வி வளர்ந்தது

தனியே இருப்பவள் விடை கண்டதும் புத்தகத்தை மூடிவிடுவாள். கூட்டத்தில் அப்படி முடிவதில்லை. யாரேனும் ஒருவர், "சரி, அப்புறம்?" என்று கேட்பார். பூங்காவிலும் அதுவே நடந்தது. நாற்கரத்துக்கு ஐந்து புள்ளிகள் போதும் என்றால், குவிவு ஐங்கோணத்துக்கு எத்தனை வேண்டும்? ஒன்பது என்று எண்ட்ரே மாக்காய் என்பவர் நிறுவினார். அறுகோணத்துக்கு? எழுகோணத்துக்கு? எத்தனை மூலைகள் கேட்டாலும், அதற்குப் போதிய புள்ளிகளின் எண்ணிக்கை என்று ஒன்று கட்டாயம் உண்டா?

இக்கேள்வி செகெரெஷை விடவில்லை. புதிரைக் கொண்டுவந்தவர் எஸ்தர் என்பதால் தமக்கு அதில் தனி ஊக்கம் பிறந்தது என்று அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதினார். சில வாரங்கள் உழைத்து, அப்படி ஓர் எண்ணிக்கை எப்போதும் உண்டு என்று நிறுவினார். ஏர்டோஷ் வேறொரு வழியில் சென்று, அவ்வெண்ணிக்கையை இன்னும் குறைத்துக் காட்டினார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1935 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தாம் அறியாமலே செகெரெஷ் இவ்வழியில் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தார். அதே உண்மையை இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் ராம்சே என்னும் இளைஞர் முன்பே நிறுவியிருந்தார். அவருடைய கட்டுரை வெளியான 1930 ஆம் ஆண்டிலேயே அவர் தம் 26 ஆவது வயதில் காலமானார். அவ்வுண்மையின் எளிய உருவத்தை ஒரு விருந்தின் மூலம் விளக்கலாம்.

ஆறு பேர் ஒரு விருந்துக்கு வருகிறார்கள். அவர்களுள் ஒருவரையொருவர் முன்பே அறிந்த மூவர் இருப்பார்கள். அல்லது ஒருவரையொருவர் முன்பின் அறியாத மூவர் இருப்பார்கள். இரண்டில் ஒன்று நிச்சயம். எப்படி? ஆறு பேரில் ஒருத்தியை அழைத்து நிறுத்துங்கள். மற்ற ஐவரை அவள் அறிந்தவர், அறியாதவர் என்று இரு குழுவாகப் பிரியுங்கள். ஐவரை இரண்டாகப் பிரித்தால் ஒரு குழுவில் மூவராவது இருந்தே தீர வேண்டும். அவள் அறிந்தவர் மூவர் என்று வைத்துக்கொள்வோம். அம்மூவருள் எவரேனும் இருவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால், அவ்விருவரும் அவளும் சேர்ந்து அறிந்த மூவர் ஆகிறார்கள். எந்த இருவரும் அறிந்திராவிட்டால், அம்மூவரே அறியாத மூவர். அவள் அறியாதவர் மூவர் என்றாலும் இதே வழிதான்.

ஐந்து பேர் போதாதா? போதாது. ஐவரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் இருபுறமும் உள்ளவரை மட்டும் அறிந்திருந்தால், மேற்சொன்ன மூவர் எவ்வகையிலும் கிடைக்கமாட்டார்கள். படம் வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் போதிய அளவு பெரிதானால் ஓர் ஒழுங்கு தானே தோன்றியாக வேண்டும் என்பதே இதன் பொருள். எஸ்தரின் ஐந்து புள்ளிகளும், விருந்துக்கு வந்த ஆறு பேரும் சொல்வது ஒன்றே. இரண்டு புதிர்களுக்குள் இப்படி ஓர் உறவு இருப்பதைக் காண்பதும் இன்பமே.

போர்க்காலம்

எஸ்தரும் செகெரெஷும் 1937 இல் மணம் புரிந்துகொண்டார்கள். புதிர் ஒன்று திருமணத்தில் முடிந்ததால், ஏர்டோஷ் அதற்கு 'மகிழ்ச்சியாக முடிந்த கணக்கு' என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினார். கணித உலகில் இன்றும் அதற்கு அதுவே பெயர்.

ஆனால் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்க அக்காலம் விடவில்லை. இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில் தம்பதியர் தாய்நாட்டை விட்டுச் சீன நாட்டின் ஷாங்காய் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கும் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியும் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அத்துன்பங்களையெல்லாம் அவர்கள் கடந்தார்கள்.

புடாபெஸ்டில் தங்கிவிட்ட டூரான் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார். 1944 ஆம் ஆண்டில் நகரின் அருகே ஒரு செங்கல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சூளைகள் பல, செங்கல் அடுக்கும் இடங்கள் பல. ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு இடத்துக்கும் சிறு தண்டவாளம் போட்டிருந்தார்கள். செங்கல் ஏற்றிய வண்டியைத் தள்ளிச் செல்வது எளிது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில்தான் வண்டி தடம் புரண்டு செங்கல் கொட்டிவிடும். உயிருக்கே உறுதியில்லாத அந்நிலையிலும் டூரானின் உள்ளத்தில் கேள்வி ஒன்று பிறந்தது. "இத்தனை சூளைகளையும் இத்தனை இடங்களையும் இணைக்க, குறுக்கீடுகள் எத்தனை இருந்தே தீர வேண்டும்? அதைவிடக் குறைக்க முடியாதா?" அக்கேள்விக்குப் பொதுவான விடை இன்றளவும் முழுமையாக நிறுவப்படவில்லை.

உடைமைகளைப் பறிக்கலாம், வேலையைப் பறிக்கலாம், ஊரைவிட்டே துரத்தலாம். பூங்காவின் பெஞ்சில் தோழர்களோடு பழகிய "ஏன்?" என்னும் பழக்கத்தை டூரானிடமிருந்து எவராலும் பறிக்க முடியவில்லை. விளையாட்டாகப் போட்ட புதிர்கள் இருண்ட நாளில் துணைக்கு வந்தன.

மீண்டும் ஒரு கூட்டம்

போர் முடிந்தபின், 1948 இல் செகெரெஷ் குடும்பம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களுக்குத் தங்க இடம் தந்து ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் யார் தெரியுமா? பூங்காக் கூட்டத்தின் மார்த்தா ஸ்வெத்தும் அவர் கணவருமே. கணக்கால் ஏற்பட்ட நட்பு, கடல் கடந்தும் அடைக்கலம் தந்தது.

பின்னர் அவர்கள் சிட்னி நகருக்குச் சென்றார்கள். எஸ்தர் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தம் எழுபதாம் வயதைக் கடந்தபின், 1984 இல், வேறு சிலரோடு சேர்ந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக வாரந்தோறும் கூடும் கணிதக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதில் பரிசு இல்லை, தேர்வு இல்லை, புதிர்களும் பேச்சுமே உண்டு. அது வளர்ந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் பல குழுக்களாகப் பெருகியது. இளமையில் பூங்காவில் பெற்றதை, முதுமையில் பிறர் பிள்ளைகளுக்கு அவர் வாரி வழங்கினார்.

ஏர்டோஷோ நிலையான வீடு எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரு பெட்டியோடு நாடு நாடாகச் சென்று கணிதர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டார். 1996 இல் மறையும் வரை அவர் எழுதிய கட்டுரைகள் ஏறத்தாழ 1,500. அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் 500 பேருக்கும் மேல். கூடிக் கணக்குப் போடுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எஸ்தரின் கேள்வி என்ன ஆயிற்று? நாற்கரத்துக்கு 5, ஐங்கோணத்துக்கு 9 என்று கண்டோம். அறுகோணத்துக்கு 71 புள்ளிகள் நிச்சயம் போதும் என்பது 1935 ஆம் ஆண்டுக் கட்டுரையால் கிடைத்தது. உண்மையில் 17 போதும் என்பதே தோழர்களின் ஊகம். 5, 9, 17 என்னும் எண்களை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 4, 8, 16 என இரட்டித்துச் செல்கிறது. அறுகோணத்துக்கு 17 போதும் என்பதைச் செகெரெஷ் தம் முதுமையில் லிண்ட்சே பீட்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து கம்ப்யூட்டரின் துணையால் நிறுவினார். அக்கட்டுரை 2006 இல் வெளிவந்தது. எழுகோணத்துக்கு 33 போதும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. பொது விதியை நிறுவுவோருக்கு 500 டாலர் தருவதாக ஏர்டோஷ் அறிவித்திருந்தார். 2016 இல் ஆண்ட்ரூ சுக் என்னும் அமெரிக்கக் கணிதர் அதற்கு மிக அருகில் சென்றார். முழு விடை இன்னும் யாருக்காகவோ காத்திருக்கிறது.

17 புள்ளிக் கட்டுரை அச்சில் வந்ததைச் செகெரெஷ் காணவில்லை. 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28 ஆம் நாள், அடிலெய்டு நகரில், எஸ்தரும் அவரும் ஒரு மணி நேர இடைவெளிக்குள் ஒருவர்பின் ஒருவராக இவ்வுலகை நீத்தார்கள். எஸ்தருக்கு வயது 95, செகெரெஷுக்கு 94. மணவாழ்க்கை 68 ஆண்டுகள்.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றைப் படித்துப் பெருமூச்சு விட்டுப் போய்விடுவதால் பயனில்லை. நமக்கு இதில் பாடங்கள் உண்டு.

முதலாவது, விடை கூறுபவள் மட்டுமே கெட்டிக்காரி அல்லள். நல்ல கேள்வி கேட்பவளும் கெட்டிக்காரியே. 1935 ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் இருவர். ஆனால் எஸ்தர் கேட்டிராவிட்டால் எழுத ஒன்றும் இருந்திராது. வகுப்பில், "எனக்கு ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்கத் தயங்கும் தோழி இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கூட்டத்தில் மெல்லச் சிந்திப்பவளுக்கும் இடம் உண்டு. விரைவாக விடை சொல்பவளை, "ஏன் அப்படி?" என்று தடுத்துக் கேட்பவள் அவளே. அந்த ஒரு கேள்வியால் பிழையான வழி அடைபடும். சரியான வழி தெளிவுபடும். பிறருக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான், நமக்கு எவ்வளவு விளங்கியது என்பதும் நமக்கே தெரிகிறது.

மூன்றாவது, கூடிப் போடுவது வேறு. பார்த்து எழுதுவது வேறு. பார்த்து எழுதுபவளுக்கு விடை கிடைக்கிறது. விடை காணும் இன்பம் கிடைப்பதில்லை. ஆகவே நாம் கூடும்போது சில ஒழுங்குகளைக் கைக்கொள்வது நல்லது. புதிரைக் கேட்டதும் எல்லாரும் சிறிது நேரம் தனித்தனியே முயல வேண்டும். விடை கண்டவள் உடனே கூவிவிடாமல், மற்றவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு மட்டும் தர வேண்டும். யார் எண்ணத்தையும் நகைக்கக் கூடாது. இறுதியில் குழுவில் மிக இளையவளும் விடையை எடுத்துச் சொல்லும்வரை புதிர் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். நண்பகல் உணவுக்குப் பின் மரத்தடியில் நாலைந்து பேர் போதும். ஒரு குச்சியும் மணலும் இருந்தால் கரும்பலகைகூட வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு மூன்று புதிர்கள் தருகிறோம்.

1. மூன்று வீடுகள், மூன்று கிணறுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பாதை போட வேண்டும். ஒன்பது பாதைகளையும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் தாளில் வரைய முடியுமா? முடியாதென்றால், குறைந்தது எத்தனை குறுக்கீடுகள் வேண்டும்? டூரானின் சூளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு சூளைகள் மட்டும் இருந்து, அடுக்கும் இடங்கள் பத்து இருந்தால், குறுக்கீடு இல்லாமல் தண்டவாளம் போட முடியுமா?

3. எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாதபடி எட்டுப் புள்ளிகளை வையுங்கள். ஆனால் அவற்றில் எந்த ஐந்தும் குவிவு ஐங்கோணம் ஆகக் கூடாது. இயலும், ஆனால் எளிதன்று. ஒன்பதாவது புள்ளியை வைத்தால் மாக்காய் வென்றுவிடுவார்.

விடைகளை இந்த மலரில் எங்கும் தேட வேண்டாம். அவை இங்கே அச்சிடப்படவில்லை. பக்கத்து பெஞ்சில் இருக்கும் தோழியை அழையுங்கள். அவளிடம் பென்சிலைக் கொடுத்து, "ஐந்து புள்ளி வை" என்று சொல்லுங்கள். மற்றது தானே நடக்கும்.